கடைசி வரை மாவட்ட நீதிபதிதானா?

அமெரிக்க நீதிபதி வேரிங்கைப் பற்றி நான் பேசிய சனிக்கிழமைக் கூட்டத்தைக் குறித்து எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாற்பது நொடிக் காணொளியை ஆளாளுக்குப் பகிர்ந்து, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை ஒட்டிவிட்டீர்கள். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

தலைவர் ஐயா நிறைவுரையில் சொன்னது இதுதான்: "இவ்வளவு செய்தும் என்ன, கடைசி வரை மாவட்ட நீதிபதியாகவே இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், பாவம்." அரங்கமே சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த தோஷத்துக்கு நானும் சிரித்துவைத்தேன். அதுதான் இன்னும் கசக்கிறது.

முதலில் அந்த 'மாவட்ட' என்ற சொல்லை நம் ஊர்ப் படியால் அளக்காதீர்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் விசாரணை நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர். இன்று மொத்தம் 94 மாவட்டங்கள். ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சபை ஒப்ப வேண்டும். அதன்பின் ஆயுள் பதவி. எந்த மாநில ஆளுநர் முறைத்தாலும் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்ற முடியாது. சாட்சி கூண்டேறுவதும் ஜூரி உட்காருவதும் அங்கேதான். மேல் நீதிமன்றங்களுக்குப் போவது காகிதம்தான். இதையும் கூட்டத்தில் சொன்னேன். அப்போது பார்த்து டீ வந்துவிட்டது.

ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங், தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரத்துக்காரர். 1880இல் பிறந்தவர். எட்டுத் தலைமுறையாக அந்த ஊர்க் குடும்பம். அப்பா உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் இருந்தவர். 1942இல், அறுபத்தொரு வயதில் நீதிபதியானார். நம் ஊரில் ஓய்வூதியத் தாள்களைத் தேடும் வயது அது. உள்ளே வந்தவர் தன் நீதிமன்றத்தில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இருக்கை என்ற வழக்கத்தை ஒழித்தார். கறுப்பர் ஒருவரை டவாலியாக அமர்த்தினார். 1944இல் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம். 1947இல், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் கறுப்பர்களும் வாக்களிக்கலாம் என்ற தீர்ப்பு. 'தென் கரோலினா மறுபடி ஒன்றியத்தில் சேர வேண்டிய நேரம் வந்துவிட்டது' என்று அதில் எழுதினார். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோய்த் தோற்ற அந்த உள்நாட்டுப் போர் முடிந்து எண்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு மாநிலத்தைப் பார்த்து இப்படி எழுத என்ன குசும்பு வேண்டும்!

ஆனால் நான் விரிவாகச் சொன்னது 1946 வழக்கை. ஐசக் வூடார்ட் என்ற கறுப்பினப் படைவீரர், பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே, சீருடையோடு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சிறுநீர் கழிக்க இறங்கலாமா என்று கேட்டதில் ஓட்டுநரோடு வாய்த் தகராறு. ஒரு சிற்றூரில் போலீஸ் தலைவர் தடியால் அடித்ததில் இரண்டு கண்களும் போயின. போலீஸ் தலைவர் மீதான வழக்கு வேரிங்கிடம் வந்தது. ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளையர். அவர்கள் அறைக்குள் போனதும் வேரிங் நடக்கக் கிளம்பிவிட்டார். ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நீதிபதி இல்லாமல் தீர்ப்பைச் சொல்ல முடியாது அல்லவா? இருபது நிமிடம் தெருவில் நடந்தார். திரும்பி வந்தபோது ஜூரி தயாராகக் காத்திருந்தது. குற்றவாளி இல்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த வேரிங்கின் மனைவி அழுதுகொண்டே வெளியே போனார்.

ஒரு நீதிபதியால் அன்று செய்ய முடிந்ததெல்லாம் அந்த இருபது நிமிடம்தான். அதை எந்த உச்ச நீதிமன்றத்தில் தேடுவீர்கள்?

என் அப்பா முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். முப்பத்தோரு வருடம். ஒருமுறை பாகப்பிரிவினை வழக்கில் ஒரு பாட்டியின் சாட்சியத்தை ஆங்கிலத்தில் பதிந்துவிட்டு, அவரிடம் ரேகை வாங்கப் போனார்கள். நீதிபதி தடுத்து, "அந்த அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள்" என்றார். அப்பா படித்தார். பாட்டி, "நான் வாய்க்கால் என்று சொல்லவில்லையே சாமி, வரப்பு என்றல்லவா சொன்னேன்" என்றார். எழுதியதை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்ட பிறகே கட்டை மூடினார்கள். வாய்க்கால் என்றே மேலே போயிருந்தால், மேலே உள்ளவர்கள் எவ்வளவு மேதைகளாக இருந்தும் என்ன பயன்? கீழே எழுதியதைத்தானே மேலே படிக்கிறார்கள்.

பள்ளி வழக்கும் அப்படித்தான். கிளாரண்டன் கவுண்டியின் கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது பிள்ளைகளுக்கு ஒரு பஸ். பிறகு சமமான பள்ளி கேட்டு வழக்குப் போட்டார்கள். வேரிங்தான் அவர்களின் வக்கீல் தர்குட் மார்ஷலிடம், பிரித்து வைப்பதையே எதிர்த்து வழக்கை மாற்றிப் போடச் சொன்னார். 1951இல் மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒன்று வேரிங். 'பிரித்து வைப்பதே ஏற்றத்தாழ்வுதான்' என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். 1954இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அங்கே போன பள்ளிப் பிரிவினை வழக்குகள் ஐந்தில் ஒன்று சார்லஸ்டனில் கட்டிய கட்டு.

கருத்துப் பகுதியில் கேட்டவர்களுக்கு: வேரிங் முன்பு இனவெறி பேசிய ஒரு செனட்டருக்குத் தேர்தல் வேலை பார்த்தவர்தானே? ஆமாம், பார்த்தார். அடுத்தது.

மணமுறிவு செய்ததால் ஊர் ஒதுக்கியது, அந்தக் கோபத்தைத் தீர்ப்பில் காட்டினார் என்று ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். தம்பி, சம ஊதிய ஆணை 1944. மணமுறிவு 1945. கோபம் ஒரு வருடம் முன்கூட்டியே வந்துவிட்டதா? ஒரு மனிதர் நியாயமாக நடந்தால் அதற்கு வீட்டுச் சண்டையைக் காரணம் தேடும் புத்தி சார்லஸ்டனுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

'1952இல் நியூயார்க்குக்கு ஓடிப்போனாரே' என்கிறீர்கள். இனவெறியர்கள் மிரட்டலாக வீட்டு வாசலில் சிலுவையை எரித்தார்கள். 1950 அக்டோபர் இரவில் கான்கிரீட் துண்டுகள் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன. எட்டுத் தலைமுறை ஊரில் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுக்க ஆளில்லை. நீங்கள் இருந்து காட்டுங்கள். நமக்கு முகநூலில் நாலு பேர் நட்பை முறித்தாலே காய்ச்சல் வருகிறது. 1968இல் அவர் உடல் சார்லஸ்டனுக்குத் திரும்பியது. கறுப்பர்கள் சுமார் இருநூறு பேர் வந்தார்கள். வெள்ளையர்கள் ஒரு டஜன் இருந்தால் அதிகம்.

'பாவம்' என்ற அந்தச் சொல் என்னை ஏன் இப்படிச் சுடுகிறது என்று நேற்று இரவுதான் பிடிபட்டது. அப்பா ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவரிடம், எங்கள் பெரியப்பா கேட்டார்: "கடைசி வரை கிளார்க்தானா?" அப்பா சிரித்தார். சனிக்கிழமை நான் சிரித்தது போலவே. அந்தப் பாட்டியின் வரப்பைப் பெரியப்பாவிடம் அவர் சொல்லவே இல்லை.

சார்லஸ்டனின் ஃபெடரல் நீதிமன்ற வளாகத்துக்கு ஹோலிங்ஸ் என்ற செனட்டரின் பெயர் இருந்தது. அவரே, உயிரோடு இருக்கும்போதே, தன் பெயரை எடுத்துவிட்டு வேரிங் பெயரை வையுங்கள் என்று கேட்டார். 2015இல் மாற்றினார்கள். முன்னாள் ஆளுநர், செனட்டர், அவர் பெயரைக் கழற்றிவிட்டு வைத்தது வெறும் மாவட்ட நீதிபதியின் பெயரை. பாவம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பேச வர முடியுமா என்று தலைவர் ஐயா இன்று காலை பெருந்தன்மையாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் காத்திருங்கள் ஐயா. ஒரு இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து சொல்கிறேன்.