பணம் போகும் திசை

1986ஆம் ஆண்டு ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து 2024இல் பணி ஓய்வு பெற்றவள் நான். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தென்மாவட்டங்களின் சிறுநகரக் கிளைகளில் கவுண்டருக்கு உள்ளே அமர்ந்து கழித்திருக்கிறேன். 'நாங்கள் பட்ட பாட்டில் கால்பங்குகூட இந்தக் காலத்துப் பிள்ளைகள் பட்டதில்லை, இவர்களுக்கு என்ன குறை' என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம், அந்தக் கவுண்டரில் என் கண்ணெதிரே நடந்த ஒரு மாற்றத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதத்தின் முதல் பத்து நாட்கள் எங்கள் கிளையில் பணம் அனுப்பும் வங்கி டிராஃப்ட்டுகள் வந்து குவியும். சென்னையில் ரயில்வேயில் இருக்கும் மகன், பம்பாயில் பட்டறையில் இருக்கும் மகன், துபாயில் இருக்கும் தம்பி என்று யாரோ ஓர் இளைஞர் அனுப்பிய காகிதத்தை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையில் நிற்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரலில் மை தடவிக்கொண்டு நிற்பார்கள். அனுப்பியவருக்கு இருபத்திரண்டோ இருபத்தைந்தோ வயதிருக்கும். என் பணியின் கடைசிப் பத்து ஆண்டுகளில் அதே முதல் வாரத்தில் அதே கவுண்டருக்கு வந்தவர்கள் ஓய்வூதியக்காரர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மின்வாரிய ஊழியர்கள், கணவரின் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்கள் ஆகியோர் பணத்தை எடுத்து, அதில் ஒரு பகுதியை முப்பது வயது மகனின் கணக்குக்கு அனுப்பச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். வீட்டு வாடகைக்கு, பேத்தியின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு, மகனின் கடன் தவணைக்கு என்று காரணங்கள் மாறும். பணம் போகும் திசை மட்டும் ஒன்றுதான், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு.

ஒரு தலைமுறையின் பொருளாதார நிலையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சம்பளத் தொகையை வைத்து ஒப்பிட்டால் இன்றைய இளைஞர் பணக்காரர் போலத் தோன்றுவார். கையில் இருக்கும் கருவிகளை வைத்து ஒப்பிட்டாலும் அப்படித்தான். ஆனால் நம் ஊரில் ஓர் இளைஞரின் வாழ்வை நாம் வேறொரு சொல்லால்தான் அளந்துவந்தோம். 'பிள்ளை தலையெடுத்துவிட்டான்' என்போம். வீட்டில் ஒருவர் தலையெடுத்தால் மற்றவர்கள் கரையேறுவார்கள் என்பது அதன் பொருள். இன்று ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. அந்த வேலையால் அவரே கரையேற முடிவதில்லை.

என் கதையைச் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதற்காகவே சொல்கிறேன். அப்பா கோவில்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளி. நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர். வங்கிப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறினேன். முதல் மாதச் சம்பளம் 1,300 ரூபாய் அளவில் இருந்தது. அதில் 600 ரூபாயை வீட்டுக்கு அனுப்பினேன். அந்த 600 ரூபாயில் தம்பி பாலிடெக்னிக் படித்தான். தங்கைக்குத் திருமணம் நடந்தது. எட்டு ஆண்டுகளில் ஓட்டு வீட்டுக்குப் பின்புறம் இரண்டு அறைகள் எழுந்தன. நான் தனித்திறமை கொண்டவள் அல்லள். 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு ஊர் ஊராகக் கிளைகள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த அலையின் பிற்பகுதியில் நான் உள்ளே வந்தேன். சேர்ந்த நாளிலேயே என் ஐம்பத்தெட்டாவது வயது வரைக்குமான வாழ்க்கை ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. அந்தத் தெளிவை நம்பித்தான் கடன் வாங்கினோம், சீட்டுக் கட்டினோம், தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தோம்.

அதற்காக, அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். என் பெற்றோரின் இளமையில் அரிசியே அரசியலாக இருந்தது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக்குக் காத்திருந்த நாடு இது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி அவ்வளவு பெரிதாக ஒலித்ததற்குக் காரணம் பசிதான். என் அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவள் வயதுப் பெண்களில் பலருக்கு அதுவே விதிக்கப்பட்டிருந்தது. என்னோடு பட்டம் பெற்றவர்களில் பாதிப்பேர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அந்த அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயது கடந்தவர்கள். 2021-22 கணக்கெடுப்பின்படி, உயர்கல்விக்குச் செல்லும் வயதினரில் 47 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். இந்திய அளவில் அது 28 விழுக்காடு. எங்கள் தெருவில் பட்டதாரியல்லாத இளம்பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வளர்ச்சியை எவரும் மறுக்கக் கூடாது, நானும் மறுக்கவில்லை. பசி குறைந்திருக்கிறது, படிப்பு வளர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் தலையெடுப்பது ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

அக்காவின் ஒரே மகனை எடுத்துக்கொள்கிறேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன அதே அக்காவின் மகன். இயந்திரப் பொறியியல் படித்து 2021இல், கொரோனாக் காலத்தில் வெளியே வந்தான். இப்போது சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஆனால் அந்தத் தொழிற்சாலை அவனுக்கு முதலாளி இல்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சிதான் முதலாளி. பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம், சிறிது இடைவெளி, பிறகு மறுபடி ஓர் ஒப்பந்தம். இது மூன்றாவது. பிடித்தம் போகக் கைக்கு 18,000 ரூபாய் வருகிறது. படப்பையில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவன் படுக்கும் பாயிலிருந்துதான் பகல் ஷிப்ட் போகிறவன் எழுந்திருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி 'பெர்மனென்ட் ஆகிவிட்டதா' என்பதுதான். அவன் வருவதையே குறைத்துக்கொண்டான்.

அவன் ஒருவனின் கதையல்ல இது. இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக உற்பத்தியில் ஈடுபடும் தொழிலாளர்களில் இன்று பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பே சொல்கிறது. என் அப்பாவின் ஆலையிலும் பதிலிகள் இருந்தார்கள். அவர்கள் வாசலில் காத்திருந்து, எவரேனும் விடுப்பு எடுத்தால் உள்ளே போவார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பதிலி நிரந்தரமாவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காத்திருப்புக்கு ஒரு முடிவு இருந்தது. என் வங்கியும் இதற்கு விலக்கல்ல. நான் சேர்ந்த கிளையில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற கிளையில் ஒன்பது பேர். கணினி வந்தது ஒரு காரணம். 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் வழியாகப் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறிய பிறகு, பல ஆண்டுகளுக்குப் புதிய ஆட்சேர்ப்பு அரிதாகவே இருந்தது மற்றொரு காரணம். அந்தக் கடைசிக் கிளையில் கோப்பு எடுத்துக் கொடுத்து, தேநீர் வாங்கிவந்த பையன் வணிகவியல் பட்டதாரி. ஏழு ஆண்டுகளாகத் தினக்கூலி. அதே பணியை 1986இல் செய்தவர் நிரந்தரப் பணியாளர். அவருடைய மகள் மருத்துவரானாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நிரந்தரப் பணியிடங்களில் இட ஒதுக்கீடு இருந்தது. எங்கள் கிளையில் பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் பெற்றவர்கள் அப்படித்தான் வந்தார்கள். ஏஜென்சி ஆள் அனுப்பும்போது அந்த ஒதுக்கீடு காணாமற்போகிறது. ஏணியின் முதல் படியை எடுத்தால் யாருடைய கால் தரையிலேயே நின்றுவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கத்தை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். நான் சேர்ந்த ஆண்டில் சவரன் 1,700 ரூபாய்க்குள் இருந்தது. என் ஒன்றரை மாதச் சம்பளத்தில் ஒரு சவரன் வாங்கிவிடலாம். 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அக்கா மகன் ஒரு சவரன் வாங்க வேண்டுமானால் ஐந்து மாதம் சாப்பிடாமல், வாடகை தராமல் இருக்க வேண்டும். தங்கத்தின் விலை உலகக் காரணங்களால் ஏறுகிறது, அதை மட்டும் வைத்து வாழ்க்கைத் தரத்தை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் சேமிப்பு என்பது தங்கமாகவும் காணியாகவும்தான் இருந்தது. இரண்டுமே இன்று இளைஞரின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன.

'மென்பொருள் துறை இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. 2000இல் டைடல் பார்க் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி அந்தத் துறைக்குள் சென்றவர்கள் உண்மையிலேயே தலையெடுத்தார்கள். எங்கள் கிளையில் வீட்டுக்கடனைக் காலத்துக்கு முன்பே அடைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட ஆண்டுச் சம்பளம் மூன்று முதல் மூன்றரை லட்சம் ரூபாய். இன்றும் பெரும்பாலோருக்கு அதே மூன்று முதல் மூன்றரை லட்சம்தான். இடையில் விலைவாசி இரு மடங்காகிவிட்டது. அதாவது வாசலில் நிற்பவரின் சம்பளம் சத்தமில்லாமல் பாதியாகிவிட்டது.

ஆகவேதான் அரசுத் தேர்வுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025இல் 3,935 இடங்களுக்கு 13.89 லட்சம் பேர். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியில் நடக்கும் தேர்வு இது. எழுதுபவர்களில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். நூலகங்களில் வீட்டுச் சாப்பாட்டுடன் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்லும் எவரும், அவர்கள் அருகில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். இருபத்திரண்டிலிருந்து முப்பது வரையிலான எட்டு ஆண்டுகள், நான் என் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அதே எட்டு ஆண்டுகள், அவர்களுக்கு வினாத்தாள்களில் போய்விடுகின்றன. முயற்சி செய்து வென்றவர்களுக்கும் நாங்கள் பெற்றது கிடைப்பதில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. என் வங்கியிலும் 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு என்னுடையதைப் போன்ற ஓய்வூதியம் கிடையாது.

இனி எனக்கே கூச்சமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். 2001இல் கல்விக்கடன் திட்டம் வந்த பிறகு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் என் மேசையைக் கடந்திருக்கின்றன. நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் உடன் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். ஐநூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்த ஆண்டுகள் அவை. காட்டுவேலைக்குப் போகும் அம்மாக்களிடம் நான் நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறேன், 'பையன் படித்து முடித்து ஓராண்டு கழித்துக் கட்டினால் போதும் அம்மா, வேலை கிடைத்துவிடும்' என்று. என் வாழ்க்கையில் படிப்பு வேலையாக மாறியது. ஆகவே அவர்கள் வாழ்க்கையிலும் மாறும் என்று நம்பினேன். படிக்கும் ஆண்டுகளிலேயே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அதே அம்மாக்களுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பியவளும் நானே. ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்துகள் நினைவில் இருக்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு என்றும் படித்தபோது எனக்கு அந்த அம்மாக்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. வறியவர் எந்த வேலையையும் மறுக்க முடியாது, படித்தவர் சிறிது காத்திருக்கிறார் என்ற விளக்கம் சரிதான். ஆனால் கடன் வாங்கிப் படித்தவரால் காத்திருக்கவும் முடியாது.

நாங்கள் அதிகம் பேசாத ஒரு சுமையும் இருக்கிறது. அப்பா பக்கவாதத்தில் மூன்றாண்டுகள் படுத்திருந்தபோது நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட்டுச் செலவழித்தோம், முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தைக்கும் குறைவு என்ற நிலைக்கு இன்று வந்திருக்கிறோம். அக்கா மகனுக்கு உடன்பிறந்தோர் இல்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் ஓய்வூதியம் இல்லை. நாளை மருத்துவமனைச் செலவு என்று ஒன்று வந்தால், அந்த 18,000 ரூபாய்தான் இருக்கிறது.

'செல்பேசிக்கும் பைக்குக்கும் செலவழிக்கிறார்களே' என்பதற்கு நான் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. செல்பேசி இல்லாமல் இன்று ஷிப்ட் விவரம்கூடத் தெரியாது. அவன் வாங்கிய 14,000 ரூபாய்ச் செல்பேசியை வாங்காமல் விட்டிருந்தால் படப்பையில் அரைக் காணி நிலம் வாங்கியிருப்பான் என்று எவரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

என் வயதுக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயங்கள். நம் ஓய்வூதியத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பிச்சையிடுவது போலப் பேசாதீர்கள். நமக்குக் கிடைத்த ஏற்பாடு அவர்களுக்குக் கிடைக்காததற்கு அவர்கள் பொறுப்பல்ல. அடுத்து, ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நிரந்தர வேலையிடங்களில் எத்தனை காலியாகக் கிடக்கின்றன, ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைக்கு ஒப்பந்த ஆள் எதற்கு என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க இளைஞருக்கு அச்சம் இருக்கிறது. கேட்டால் அடுத்த ஒப்பந்தம் வராது. நமக்கு அந்த அச்சம் இல்லை.

அக்கா மகனின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. கல்விக்கடனில் நாற்பத்தொரு தவணை பாக்கி இருக்கிறது. இந்த மாதத் தவணையை நான் கட்டினேன். 'திருப்பித் தந்துவிடுவேன் சித்தி' என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.