எத்தனை டிகிரி?

மெக்கானிக்: எத்தனை டிகிரி வைத்திருக்கிறீர்கள் சார்?

வீட்டுக்காரர்: மூன்று.

மெக்கானிக்: மூன்றா? ரிமோட் 16-க்குக் கீழே இறங்காதே!

வீட்டுக்காரர்: ரிமோட்டில் எதற்குத் தேடுகிறாய் தம்பி? சுவரைப் பார். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., அப்புறம் எம்.பி.ஏ. மூன்றையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

மெக்கானிக்: நான் ஏசியைக் கேட்டேன்.

வீட்டுக்காரர்: அதுவா, அது 16. வாங்கின நாளிலிருந்து மாற்றியதே இல்லை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மெக்கானிக்: பதினாறைப் பெற்றது நீங்கள். பெருவாழ்வு வாழ்வது மீட்டர்.

வீட்டுக்காரர்: அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன். பில்லைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. மிஷினில் ஏதோ கோளாறு.

மெக்கானிக்: மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. டிகிரியைக் கொஞ்சம் ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

வீட்டுக்காரர்: இந்த வயதில் இனிமேல் பிஎச்.டி.யா?

மெக்கானிக்: ஏசியில் சார், ஏசியில்! 24-ல் வையுங்கள்.

வீட்டுக்காரர்: 24-ல் வைத்தால் எப்போது குளிர்வது? 16-ல் வைத்தால்தானே சீக்கிரம் குளிரும்?

மெக்கானிக்: கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தால் பஸ் வேகமாகப் போகுமா? உங்களை இறங்க விடாது, அவ்வளவுதான். இது பழைய மாடல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் ஏசி கிடையாது. கம்ப்ரஸருக்குத் தெரிந்தது இரண்டே வேலை, ஓடுவதும் நிற்பதும். 24 என்று சொன்னாலும் 16 என்று சொன்னாலும் ஓடுகிற வேகம் ஒன்றுதான். 24 என்றால் அந்தக் குளிர் வந்ததும் நின்றுவிடும். 16 என்றால் இந்த அறைக்கு அந்தக் குளிர் வரவே வராது. அதனால் நிற்கவும் நிற்காது.

வீட்டுக்காரர்: எங்கே வராது? ராத்திரியில் பல் கிடுகிடு என்கிறது. கம்பளி போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன்.

மெக்கானிக்: மிஷின் பாவம், சூட்டை வெளியே தள்ளுகிறது. நீங்கள் அதைக் கம்பளிக்குள் சேர்த்து வைக்கிறீர்கள். ஒரு டிகிரி ஏற்றினாலே சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பார்கள்.

வீட்டுக்காரர்: எட்டு டிகிரி ஏற்றினால் நாற்பத்தெட்டு சதவீதம்! பார்த்தாயா, கணக்கு எப்படிப் போடுகிறேன்!

மெக்கானிக்: கணக்கு என்னவோ பிரமாதம்தான். ரிமோட்டைத் தொட்டால் இன்னும் பிரமாதமாக இருக்கும். ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

வீட்டுக்காரர்: வாங்கும்போது சுத்தமாகத்தான் இருந்தது.

மெக்கானிக்: (ஃபில்டரை வெளியே எடுத்து) இது ஃபில்டரா, கம்பளியில் மிச்சமிருந்த துண்டா?

வீட்டுக்காரர்: ஒரு சந்தேகம் தம்பி. ஒன்றரை டன் என்று எழுதியிருக்கிறதே, அவ்வளவு கனத்தை இந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது?

மெக்கானிக்: நீங்கள் எதில் எம்.எஸ்ஸி. சார்?

வீட்டுக்காரர்: இயற்பியல்.

(மெக்கானிக் ஏணியில் ஒரு படி கீழே இறங்கி, சான்றிதழை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார்.)

மெக்கானிக்: இந்த டன் எடைக் கணக்கு இல்லை சார். ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருக எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் அறையிலிருந்து இழுத்து வெளியே விட்டால் அது ஒரு டன் மிஷின். ஐஸ் காலத்துக் கணக்கு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர்: இது எங்கள் சிலபஸில் இல்லை.

மெக்கானிக்: சரி, சிலபஸில் இருந்ததையே கேட்கிறேன். ஒரு யூனிட் கரண்ட் என்றால் என்ன?

வீட்டுக்காரர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஒரு கிலோவாட் மணி. அதாவது 36 லட்சம் ஜூல். ஐந்து மார்க் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

மெக்கானிக்: அதற்கப்புறம் ஜூலை எங்கேயாவது பார்த்தீர்களா?

வீட்டுக்காரர்: வருடா வருடம் பார்க்கிறேனே. ஜூன் முடிந்ததும் வரும்.

மெக்கானிக்: அந்த ஜூலை இல்லை. உங்கள் 36 லட்சம் ஜூலை.

வீட்டுக்காரர்: அது பரீட்சையோடு போயிற்று. அதை எங்கே போய்ப் பார்ப்பது?

மெக்கானிக்: மீட்டரில்தான். ஒவ்வொரு தடவை யூனிட் ஒன்று ஏறும்போதும் அவர் வந்துவிட்டுத்தான் போகிறார். நீங்கள்தான் முகம் கொடுப்பதில்லை.

வீட்டுக்காரர்: என்னைச் சிக்கனம் தெரியாதவன் என்று நினைத்துவிடாதே. செல்போன் சார்ஜ் ஏறியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். நடு ராத்திரி நினைவு வந்தாலும் கம்பளியை உதறிவிட்டு எழுந்து போய்ப் பிடுங்குவேன்.

மெக்கானிக்: நல்ல பழக்கம்தான். சும்மா சொருகிக் கிடக்கிற நல்ல சார்ஜர் கால் வாட்கூட இழுக்காது. கால் வாட் என்றே வைத்துக்கொண்டாலும், வருடம் முழுக்க இரவு பகலாகக் கிடந்தால் இரண்டு யூனிட் சொச்சம். இந்த மிஷின் சுமாராக 1,500 வாட். அந்த இரண்டு சொச்சத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். நீங்கள் எழுந்து போய் ஒரு வருடம் சேர்த்ததை, திரும்பி வந்து படுத்து ஒரு தூக்கம் போடுவதற்குள் செலவு செய்துவிடுகிறீர்கள்.

வீட்டுக்காரர்: இதுவும் சிலபஸில் இல்லை.

மெக்கானிக்: வகுத்தலும் பெருக்கலும் இருந்திருக்குமே? சரி, அவுட்டோர் யூனிட் எங்கே?

வீட்டுக்காரர்: போன மாதம் நானூற்றுச் சொச்சம்.

மெக்கானிக்: நான் அந்த யூனிட்டைக் கேட்கவில்லை. வெளியே வைக்கிற பெட்டியைக் கேட்கிறேன்.

வீட்டுக்காரர்: அப்படிச் சொல். மகள் அறை வழியாகப் போனால் பால்கனி. வெயிலில் கிடக்கிறதே என்று நான்தான் பாவப்பட்டுச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறேன்.

மெக்கானிக்: உள்ளே நீங்கள் கம்பளி, வெளியே அது சாக்கா! உள்ளிருந்து இழுத்த சூட்டை எல்லாம் அந்தப் பெட்டிதானே காற்றில் விட வேண்டும்? வாயைக் கட்டிவிட்டால் எங்கே விடும்? மூச்சு முட்ட முட்ட கரண்ட் இழுக்கும். (உள்ளே போய்) சார், இந்த அறையில் லைட் எங்கே? ஸ்விட்சைப் போட்டால் எரியவில்லை.

வீட்டுக்காரர்: எரியாது. பல்பைக் கழற்றிவிட்டேன்.

மெக்கானிக்: பியூஸ் போய்விட்டதா?

வீட்டுக்காரர்: நன்றாக எரிந்தது, அதனால்தான் கழற்றினேன். பன்னிரண்டாவது படிக்கிறாள். ராத்திரி பதினொன்றானாலும் லைட்டை அணைப்பதில்லை. கரண்ட் என்ன சும்மாவா வருகிறது? சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சிக்கனத்தை வீட்டில்தானே ஆரம்பிக்க வேண்டும்?

மெக்கானிக்: நீங்கள் ஆரம்பித்த இடம் எனக்குப் புரிந்துவிட்டது. பல்பு எத்தனை வாட்?

வீட்டுக்காரர்: 9 வாட். எல்.இ.டி.

மெக்கானிக்: பழைய 60 வாட் குண்டு பல்பு என்றாலும் ஒரு நியாயம். இது அவ்வளவு வெளிச்சத்தை ஏழில் ஒரு பங்கு கரண்டில் தருகிறது.

வீட்டுக்காரர்: அப்படியா? கொஞ்சம் விளக்கு தம்பி.

மெக்கானிக்: அதைத்தான் கழற்றி வைத்துவிட்டீர்களே! கேளுங்கள். 9 வாட் பல்பு 111 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். உங்கள் மகள் தினம் மூன்று மணி நேரம் படித்தால் அதற்கு 37 ராத்திரி ஆகும். உங்கள் ஏசிக்கு 40 நிமிடம். நீங்கள் கம்பளியைத் தலை வரை இழுத்து, கால் வெளியே வந்து, மறுபடி காலுக்கு இழுத்து, ஒரு வழியாகக் கண் அசருவதற்குள் அந்தப் பெண்ணின் ஒரு மாதப் படிப்பு தீர்ந்துவிடுகிறது.

வீட்டுக்காரர்: பகலில் படிக்கட்டுமே. சூரியன் இலவசம்.

மெக்கானிக்: பகலில் பள்ளிக்கூடம் போகிறாளே.

வீட்டுக்காரர்: அப்படியென்றால் ஹாலில் நின்று படிக்கட்டும். என் டிகிரிக்கு மேலே ஒரு பல்பு நாள் முழுக்க எரிந்துகொண்டுதானே இருக்கிறது? வெளிச்சத்துக்கு வெளிச்சம், ஊக்கத்துக்கு ஊக்கம்.

மெக்கானிக்: (ஹாலுக்குத் திரும்பி வந்து, சான்றிதழ்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்து) இந்தப் பல்பு எங்கே வாங்கியது சார்?

வீட்டுக்காரர்: வாங்குவதாவது? அந்த அறையில் கழற்றியதுதான். நல்ல பல்பை வீணாக்குவேனா?

மெக்கானிக்: அப்படியா.

வீட்டுக்காரர்: வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாமா? சமூகத்தில் கடைசியில் மதிப்பு எதற்கு? படிப்புக்குத்தான்.

மெக்கானிக்: நாள் முழுக்க எரிந்தால் ஐந்து நாளைக்குள் ஒரு யூனிட் ஆகிவிடுமே. படிக்கிற பெண்ணுக்கு 37 நாள் வருகிற கரண்ட், படித்து முடித்த காகிதத்துக்கு ஐந்து நாள்கூட வருவதில்லை.

வீட்டுக்காரர்: காகிதம் என்று சொல்லாதே தம்பி. டிகிரி.

மெக்கானிக்: எது, சுவரில் இருப்பதா, ரிமோட்டில் இருப்பதா?

(இந்த இடத்தில் வீட்டுக்காரருக்கே கொஞ்சம் குழம்பிவிட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.)

மெக்கானிக்: இந்த வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் எப்படி வந்தது என்று தெரியுமா? அதற்கு நீல எல்.இ.டி. வேண்டும், அது கைக்கு வராமல் வெகுகாலம் இழுத்தடித்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நாகமுரா மூன்று பேருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுவும் உங்கள் இயற்பியலில்தான்.

வீட்டுக்காரர்: உனக்கு எப்படித் தெரியும்?

மெக்கானிக்: என் மகள் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தாள். பத்து நாள், ராத்திரி ராத்திரி, சத்தமாக. அவள் மறந்தாலும் எனக்கு மறக்காது.

வீட்டுக்காரர்: எங்கள் சிலபஸில் இல்லை. நான் அதற்கு வெகு காலம் முன்பே படித்து முடித்துவிட்டேன்.

மெக்கானிக்: அதுதான் தெரிகிறதே சார், முடித்துவிட்டீர்கள் என்று.

வீட்டுக்காரர்: (குரலை உயர்த்தி) நீ எதுவரை படித்தாய்?

மெக்கானிக்: பத்தாவது. அதற்குமேல் ஆசை இருந்தது. பரீட்சைக்கு முந்தின மாதம் எங்கள் வீட்டிலும் சிக்கனம் ஆரம்பித்துவிட்டார்கள்.

(வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சுவரில் சார்ஜர் எதுவும் சொருகியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.)

வீட்டுக்காரர்: அந்த ஏணியை இந்தப் பக்கம் போடு.

மெக்கானிக்: எதற்கு?

வீட்டுக்காரர்: எதற்கு என்று ஏன் கேட்கிறாய்? பல்பைக் கழற்று. கொண்டுபோய் அவள் அறையில் மாட்டு. நான் இன்னொன்று வாங்கி இங்கே மாட்டிக்கொள்கிறேன்.

மெக்கானிக்: இங்கே எதற்கு இன்னொன்று?

வீட்டுக்காரர்: யாராவது வந்தால் மட்டும் போடுகிற மாதிரி, ஒரு ஸ்விட்ச் வைத்து.

மெக்கானிக்: சரி, அவ்வளவாவது போகட்டும். (பல்பை மாற்றிவிட்டு, பால்கனிச் சாக்கையும் சுருட்டிக்கொண்டு வந்து) வேலை முடிந்தது சார். ஃபில்டரை மாதம் ஒரு தடவை தண்ணீரில் கழுவினால் போதும், நான் வரவேண்டியதில்லை. இந்த சர்வீஸ் தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக்காரர்: ஹாலில் ஒன்றும் தெரியவில்லையே தம்பி.

மெக்கானிக்: வெளிச்சம் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறது சார். குத்துமதிப்பாக எழுதுங்கள்.

வீட்டுக்காரர்: பெயருக்குப் பக்கத்தில் 'டிகிரி' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறதே! பரவாயில்லை, உங்கள் கம்பெனிக்குப் படித்தவன் மதிப்பு தெரிந்திருக்கிறது. (குனிந்து எழுதி) இடம் பத்தவில்லை. எம்.பி.ஏ.வை மட்டும் கொஞ்சம் பொடியாக எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக்: சார், அது ஏசி எத்தனையில் இருக்கிறது என்று எழுதுகிற கட்டம்.

வீட்டுக்காரர்: ஐயோ! அடித்துவிடவா?

மெக்கானிக்: வேண்டாம், இருக்கட்டும். ஆபீஸில் கேட்டால், அந்த வீட்டில் மூன்றுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.