வெனிசுலா: கணக்குக் காட்டாத அரசின் கதை

வெனிசுலா என்றதும் என் நட்பு வட்டத்தில் இரண்டு அணிகள் எழுந்து நிற்கின்றன. "சோசலிசம் வந்தது, நாடு நாசமானது" என்கிறது ஒன்று. "அமெரிக்கா தடை போட்டுக் கொன்றது" என்கிறது இன்னொன்று. இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நடந்ததை வருட வரிசையில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதவில்லை. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலத்திலேயே, அரசு மக்களுக்குக் கணக்குக் காட்டுவதை விட்டபோதே, அந்த நாடு சரியத் தொடங்கிவிட்டது என்பதுதான் என் கருத்து.

சுமார் 30,000 கோடி பீப்பாய் எண்ணெய். உலகிலேயே பெரிய கையிருப்பு. ஆனால் அதில் பெரும்பகுதி ஓரினோகோ ஆற்றுப் பகுதியில் கிடக்கும் தார் போன்ற கனமான கச்சா. நாப்தா என்ற இலேசான எண்ணெய் போன்ற எதையாவது கலந்து இளக்காமல் அதைக் குழாயில் அனுப்ப முடியாது. எடுக்கவும் சுத்திகரிக்கவும் தேர்ந்த கைகள் வேண்டும், வருடா வருடம் பணம் போட வேண்டும். அந்தக் கைகள் அரசு எண்ணெய் நிறுவனமான பி.டி.வி.எஸ்.ஏ.வில் இருந்தன.

2002 டிசம்பரில் அந்த ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதிபர் ஹியூகோ சாவேஸைப் பதவியிலிருந்து இறக்குவதுதான் நோக்கம். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு ராணுவப் புரட்சி அவரை இரண்டு நாள் இறக்கியும் இருந்தது. ஆகவே அவருடைய கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் செய்தது என்ன? 18,000 பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கினார். நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர். துளையிடுகிறவர், நிலவியலாளர், ஆலையை ஓட்டுகிறவர் என்று வெளியே போனவர்களில் பலர் கொலம்பியாவுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கொலம்பியாவின் ரூபியாலெஸ் எண்ணெய் வயல் வளர்ந்ததில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 2017இல் இந்த நிறுவனத்தின் தலைமைக்கு எண்ணெய்த் துறை அனுபவமே இல்லாத ஒரு தேசியக் காவல்படை ஜெனரலைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

2004க்குப் பிறகு விலை ஏறிக்கொண்டே போனதால் இந்தக் காயம் வெளியே தெரியவில்லை. சாவேஸ் காலத்தில் நடந்த நல்லதை நான் மறுக்க மாட்டேன். மருத்துவரையே காணாத தலைநகர் கராகஸின் மலைச்சரிவுக் குடிசைகளுக்கு கியூபா மருத்துவர்கள் வந்தார்கள். மக்களில் பாதிப் பேரைப் பிடித்திருந்த வறுமை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அதற்கு முன் ஆண்ட கட்சிகளும் யோக்கியமில்லை. 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலையும் பஸ் கட்டணமும் ஏறியதற்காகத் தெருவில் இறங்கிய மக்களில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றது அந்த அரசு. அந்த ரத்தத்திலிருந்துதான் சாவேஸ் எழுந்து வந்தார்.

ஆனால் பணம் போன வழியைப் பாருங்கள். பட்ஜெட்டில் எண்ணெய் விலையை வேண்டுமென்றே குறைத்துப் போட்டார்கள். அதற்கு மேல் வந்தது பட்ஜெட்டுக்கு வெளியே, 2005இல் தொடங்கிய ஃபோண்டென் என்ற நிதிக்குப் போனது. 10,000 கோடி டாலருக்கு மேல் அதில் விழுந்தது. நாடாளுமன்றம் அதைத் தட்டிக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் தொடங்கிய டினாகோ–அனாகோ ரயில் பாதை பாதியில் நிற்கிறது. மக்களின் வரியில் ஓடுகிற அரசு என்றைக்காவது அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணெயில் ஓடிய இந்த அரசுக்கு அந்தப் பயமே இல்லை.

2003இல் கொண்டுவந்த டாலர் கட்டுப்பாடு இன்னும் மோசம்: டாலரை அரசிடம், அரசு வைத்த விலையில்தான் வாங்க வேண்டும். அரசு விலையில் டாலர் வாங்க முடிந்தவன் கள்ளச் சந்தையில் பல மடங்குக்கு விற்றான். இறக்குமதி என்று பொய்ச் சீட்டு காட்டினாலே பணக்காரன் ஆகலாம் என்றால் எவன் உழுது பயிரிடுவான்? 2010இல் புவெர்டோ கபேயோ துறைமுகத்தில், எண்ணெய் நிறுவனத்தின் கிளையே இறக்குமதி செய்த உணவு ஆயிரக்கணக்கான டன் கண்டெய்னர்களிலேயே அழுகிக் கிடந்தது. அப்போது எண்ணெய் விலை நன்றாகத்தான் இருந்தது.

2014இல் விலை விழுந்தது. சாவேஸுக்குப் பின் அதிபரான மதுரோவின் அரசு இறக்குமதியை வெட்டிவிட்டு வெளிநாட்டுக் கடன் பத்திரக்காரர்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்து மேடையில் முழங்கியபடியே, 2017 நவம்பர் வரை, வால் ஸ்ட்ரீட்டுக்குத் தவணை போனது. இதை எந்தத் தோழரும் பேசக் கேட்டதில்லை. 2016இல் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில் முக்கால்வாசிப் பேர் எடை குறைந்ததாகச் சொன்னார்கள், சராசரியாக 8 கிலோவுக்கு மேல். அரசு தந்த உணவுப் பெட்டியையும் ஆளுங்கட்சிக் கமிட்டிகளின் கையில் கொடுத்தார்கள்.

பசியைவிட என்னை உலுக்கியது இதுதான். மத்திய வங்கி பணவீக்கக் கணக்கை வெளியிடுவதை நிறுத்தியது. சுகாதார அமைச்சகமும் நோய்க் கணக்கை நிறுத்தியது. 2017 மே மாதம் அமைச்சர் அந்தோனியெத்தா கபோராலே அதை வெளியிட்டார்: 2016இல் 11,466 சிசுக்கள் இறந்தன, முந்தைய ஆண்டைவிட 30 சதவீதம் அதிகம், பிரசவத்தில் இறந்த தாய்மார் 65 சதவீதம் அதிகம். சில நாட்களில் அவர் பதவி பறிக்கப்பட்டது. 2019இல் மத்திய வங்கி மறுபடி வாய் திறந்தபோது, 2018 பணவீக்கம் 1,30,060 சதவீதம் என்றது.

அமெரிக்கா நிதித் தடை போட்டது 2017 ஆகஸ்டில். எண்ணெய்த் தடை 2019 ஜனவரியில். 1998இல் நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் இருந்த உற்பத்தி, முதல் தடை வரும்போதே சுமார் 20 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. ஆகவே தடைதான் கொன்றது என்பதை என்னால் ஏற்க முடியாது. அதற்காகத் தடையை மன்னிக்கவும் முடியாது. ஏற்கெனவே கீழே விழுந்தவனின் கழுத்தில் கால் வைத்த வேலை அது. 2020 நடுவில் உற்பத்தி 4 லட்சத்துக்கும் கீழே போனது. ஈரானிலிருந்து கப்பலில் பெட்ரோல் வந்தது, அதுவும் வெனிசுலாவுக்கு! எண்ணெய் நகரமான மரக்காய்போவில் மக்கள் பெட்ரோலுக்கு இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். 77 லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டே போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிள்ளையைத் தோளில் சுமந்து ஆண்டீஸ் மலைச் சாலைகளை நடந்தே கடந்தவர்கள்.

2024 ஜூலை 28 தேர்தலிலும் இதே வியாதிதான். மதுரோ வென்றார் என்று அறிவித்த ஆணையம் வாக்குச்சாவடி வாரியான முடிவை வெளியிடவே இல்லை. ஆனால் இந்த முறை எதிர்க்கட்சி முகவர்கள் சாவடி சாவடியாக நின்று எண்ணிக்கைப் படிவத்தின் நகலை வாங்கினார்கள். 80 சதவீதத்துக்கும் மேலான படிவங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றில் எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலெஸ் மதுரோவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாக்கு வாங்கியிருந்தார். அரசு பதிலுக்கு ஒரு படிவத்தைக்கூட காட்டவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தது.