மூட்டைக் கணக்கில் விழாத அரிசி

அறுப்பு முடிந்ததும் எங்கள் டெல்டாவில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்பதுதான். என்ன ரகம் என்பது அதற்குப் பிறகு. அந்த நெல்லை அரைத்தால் எவ்வளவு முழு அரிசி நிற்கும், எவ்வளவு நொய்யாகப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் விவசாயி இல்லை. நெல்லை வாங்குகிறவர்கள் எடையைத் தவிர வேறு எதற்கும் சரியாகக் காசு கொடுப்பதில்லை.

"டெல்டாக்காரங்க மோட்டா நெல்லையே போட்டுத் தள்ளுறாங்க, அதனாலதான் ரேஷன் அரிசிய வாயில வைக்க முடியல" என்கிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எனக்குக் கோபம் வருகிறது. 2025-26 பருவத்துக்கு அறிவித்த விலையைப் பாருங்கள். மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு (நூறு கிலோ) தடித்த மணியுள்ள பொது ரகம் 2369 ரூபாய், மெல்லிய மணியுள்ள சன்ன ரகம் 2389. மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்தால் 2500, 2545. ஆக, சன்னம் போட்டவருக்குக் கிடைக்கிற கூடுதல் கிலோவுக்கு 45 பைசா. ஏக்கருக்கு 25 குவிண்டால் காணுகிற வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சன்ன ரகத்தில் விளைச்சல் அரைக் குவிண்டால் குறைந்தாலே அந்த 45 பைசாவும் போய்விடும்.

அரைக் குவிண்டாலோடு நிற்கிற வித்தியாசமா அது? தடித்த ரகமான சிஆர் 1009 போட்டவரையும் சன்ன ரகமான பிபிடி 5204 போட்டவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். சிஆர் 1009 நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபது நாள் பயிர், குட்டையான தடித்த மணி. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கி நிற்கும். அதிலும் சப்-1 மரபணு சேர்த்த சிஆர் 1009 இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்த்து வரும். அந்த மரபணு ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். பிபிடிக்கு அந்தத் தெம்பு கிடையாது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று மழை அடித்தால் சாய்ந்துவிடும். குலை நோய் வந்தால் கழுத்தோடு ஒடியும். மருந்துச் செலவு தனி. இத்தனைக்கும் ஈடு கிலோவுக்கு 45 பைசா என்றால், கடன் வாங்கி நடவு செய்தவர் எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பார்?

தரமும் விளைச்சலும் ஒன்றாக வரவே வராது என்று நான் சொல்லவில்லை. 1966-இல் ஐஆர் 8 என்கிற அதிக விளைச்சல் ரகம் வந்தபோது அப்படித்தான் இருந்தது. நாடு பசியில் இருந்த நேரம், மூட்டை மூட்டையாகக் கொட்டியது. ஆனால் தடித்த அரிசி, நடுவில் வெள்ளை விழுந்த மணி, ஆலையில் நொறுங்கும், சோறு ஆறினால் விறைத்துப்போகும். அமைலோஸ் என்கிற மாவுப்பொருள் அதில் அதிகம் என்பதுதான் அந்த விறைப்புக்குக் காரணம். 1985-இல் வந்த ஐஆர் 64-இல் அந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்துவிட்டார்கள். சம்பா மசூரி என்கிற நம் பிபிடியே அப்படிப் பிறந்ததுதான். கோயம்புத்தூரில் உருவான பழைய சன்ன ரகமான ஜிஇபி 24, குட்டைத் தைவான் நெல், மலேசியாவின் மசூரி மூன்றும் சேர்ந்து ஆந்திராவின் பாபட்லாவில் 1986-இல் வெளிவந்தது. பின்னர் 2008-இல் இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சேர்த்து, அரிசி குணம் மாறாமல், மேம்பட்ட சம்பா மசூரியைக் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். கொள்முதல் விலைதான் இன்னும் ஐஆர் 8 காலத்திலேயே நிற்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சன்னம் என்றால் உசத்தி, குண்டு என்றால் மட்டம் என்று நினைப்பதே தவறு. ஆடுதுறை 37-க்கு ஆயிரம் நெல் எடை 23 கிராமுக்கு மேல், ஆடுதுறை 43-க்கு 15.5 கிராம்தான். முன்னதை இட்லி குண்டு என்று தேடி வாங்குகிறார்கள், பின்னது சாப்பாட்டு அரிசி. திருநெல்வேலிப் பக்கம் அம்பை 16 என்கிற குண்டு ரகத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆம்பூர் பிரியாணிக்கும் திண்டுக்கல் பிரியாணிக்கும் சீரகச் சம்பா வேண்டும், அது பொடி மணி, விளைச்சலும் குறைவு. ஆனால் அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் ரகம் பிரிப்பது எப்படித் தெரியுமா? மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5-உம் அதற்கு மேலும் வந்தால் சன்னம், கீழே வந்தால் பொது. அவ்வளவுதான். சோறு எப்படி இருக்கும், இட்லிக்கு மாவு எப்படிப் பொங்கும் என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை. அதோடு, இந்தப் பொது ரகத்தை எல்லாம் ஒரே குவியலில் கொட்டிக் கலந்து அனுப்புகிறார்கள். இட்லிக்கு அருமையான நெல்லும் சோற்றுக்கு ஆகிற நெல்லும் ஒரே சாக்கில் போனால் ரேஷன் கடையில் என்ன வரும்?

முழு அரிசி நிற்பது ரகத்தை மட்டும் பொறுத்ததும் இல்லை. நிலையத்துக்கு வெளியே திறந்த வெளியில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறோம். 17 சதவீத ஈரப்பதத்துக்கு இறக்க வேண்டும் என்று பகலில் தார்ச்சாலையில் பரப்பிக் காய வைக்கிறோம். ராத்திரி பனியில் நனைகிறது, மறுநாள் மறுபடி வெயில். இப்படி மாறி மாறி நனைந்து காய்ந்தால் மணிக்குள் கீறல் விழும், பச்சரிசியாக அரைத்தால் பாதி நொய். புழுங்க வைத்தால் அந்தக் கீறல் ஓரளவு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தப்பிக்கிறோம். நல்ல ரகத்தைப் போட்டாலும் களத்திலும் சாலையிலும் அதைக் கெடுக்கிற ஏற்பாடு இது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சன்னத்துக்கும் பொது ரகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, விளைச்சல் குறைவையும் கூடுதல் மருந்துச் செலவையும் ஈடுகட்டுகிற அளவுக்கு உயர்த்துங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இட்லி ரகத்தையும் சோற்று ரகத்தையும் தனித்தனியாகக் குவிக்க இடம் கொடுங்கள். மேலே ஒரு கூரை போடுங்கள். விதை விற்கிற இடத்தில் ஏக்கருக்கு எவ்வளவு காணும் என்று எழுதி ஒட்டும்போது, நூறு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ முழு அரிசி நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆராய்ச்சி நிலையங்களில் அந்தக் கணக்கை எப்படியும் எடுக்கத்தான் செய்கிறார்கள். அது விவசாயி கைக்கு வர வேண்டும்.