முரலின் அலகை ஒடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். கரையில் நின்று தூண்டில் எறியும் ஒரு தம்பிக்கு, ஊசிபோல நீண்ட அலகுள்ள நல்ல முரல் மீன் ஒன்று மாட்டியிருந்தது, ஒரு கை நீளம் இருக்கும். கொக்கி அலகுக்குள் சிக்கிக்கொண்டது. கழற்றிப் பார்த்தான், வரவில்லை. இரண்டு கையாலும் அலகைப் பிடித்து முருங்கைக்காயை ஒடிப்பதுபோல ஒடித்துவிட்டு, மீனைப் பாறைமேல் வீசினான். "பாரை மீனுக்குப் போட்ட இரையை இதுதான் தின்னுட்டுப் போகுது" என்றான். கீழே நூறு பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை.

மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் வளர்ந்தவன், சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறவன், முரலை ஆசையாகத் தின்கிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த மீனைப் பாருங்கள். பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு ஓரத்தில் கூட்டமாக நிற்கும் பெரிய முரலுக்கு விலங்கியலில் டைலோசுரஸ் க்ரோக்கடைலஸ் என்று பெயர். முதலை என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் வரை வளரும். கடல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் வாழ்க்கை. மேலே இருந்து பார்க்கும் பறவைக்குத் தெரியாதபடி முதுகு நீலப்பச்சை, கீழே இருந்து பார்க்கும் மீனுக்குத் தெரியாதபடி வயிறு வெள்ளி. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால் பக்கமாகப் பின்னால் தள்ளி இருக்கும். அசையாமல் மிதந்துகொண்டே இருந்து ஒரே பாய்ச்சலில் போக அதுதான் வசதி. இரையைக் குறுக்காகக் கவ்வி, அலகுக்குள்ளேயே திருப்பி, தலையை முன்னால் வைத்து முழுசாக விழுங்கும். இத்தனை தின்கிற மீனுக்கு இரைப்பையே கிடையாது. நேரான குடல் ஒன்றுதான்.

முட்டையும் சும்மா தண்ணீரில் மிதக்காது. ஒவ்வொரு முட்டையிலும் நூல்நூலாக இழைகள் இருக்கும். மிதக்கும் பாசியிலும் ஒன்றோடொன்றும் அவை பின்னிக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்கு முதலில் கீழ்த்தாடை மட்டும்தான் நீளும், மேல்தாடை பிறகுதான் எட்டிப் பிடிக்கும். அந்தப் பருவத்தில் பார்த்தால் கீழலகு மட்டும் நீண்ட சின்ன முரல் சாதி என்றே நினைப்போம். இரண்டுக்கும் உறவு உண்டு. பறக்கும் மீனான பறவைக்கோலாவும் இந்தக் கூட்டத்துச் சொந்தம்தான். ஆபத்து வந்தால் தண்ணீரை விட்டு மேலே பாய்வது இந்தக் குடும்பத்துக்கே ரத்தத்தில் இருக்கிறது.

அந்த அலகுதான் பிரச்சினை. உள்ளே எலும்பும் ஊசிப் பற்களும் தவிர வேறில்லை. கொக்கி இறங்கச் சதையே கிடையாது. நீங்கள் வெடுக்கென்று இழுக்கிறீர்கள், கொக்கி எலும்பில் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. தப்பித் தவறி மாட்டினால் தொண்டைப் பக்கம் போய் மாட்டும். பிறகு ஒடிக்காமல் எடுக்க முடியாது என்கிறீர்கள். அந்த வாய்க்கு ஒவ்வாத கருவியைக் கொண்டுபோய்விட்டு, கோபத்தை மீன்மேல் காட்டுவது என்ன நியாயம்?

பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அங்கே மலாய்ட்டா தீவுப் பக்கத்துக் கடலோடிகள் கொக்கியே இல்லாமல் முரல் பிடித்தார்கள். காய்ந்த இலைகளைத் தைத்து ஒரு பட்டம் செய்வார்கள். காட்டில் பெரிய வலை பின்னும் சிலந்தியின் நூலைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து, கையகல வளையமாக்கி, பட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டுவார்கள். ஆள் சின்னத் தோணியில் துடுப்புப் போட, பட்டம் மேலே பறக்க, சிலந்திநூல் வளையம் நீர்மட்டத்தில் தொட்டுத் தொட்டுத் துள்ளிப் போகும். சின்ன மீன் துள்ளுகிறது என்று முரல் பாய்ந்து கடிக்கும். அத்தனை ஊசிப் பல்லிலும் நூல் சிக்கிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. தோணியின் நிழலும் மீன்மேல் விழாது. முரலின் கண் மேலேயே இருக்கும் என்பது தெரிந்தவன் செய்த வேலை இது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய ராடும் ரீலும் எனக்கு இந்த அளவுக்கு மலைப்பைத் தந்ததில்லை.

நமக்குப் பட்டமும் சிலந்தியும் வேண்டாம். நைலான் கயிற்றில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மறுமுனையைப் பிரித்துப் பஞ்சுபோல ஆக்குங்கள். கொக்கி வேண்டாம். எறிந்து, நீர்மட்டத்திலேயே ஓடும்படி ரீலை வேகமாகச் சுற்றுங்கள். கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இந்த இடத்தில்தான் பழகிய கை நம்மைக் கெடுக்கும். அது மென்று தலையை ஆட்டட்டும், ஆட்டினால்தான் பல்லில் சுற்றும். பிறகு தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஈரத்துணியால் தலைக்குப் பின்னால் பிடித்து, ஒரு குச்சியால் இழையை எடுத்துவிட்டால் அலகுக்கு ஒரு சேதமும் இல்லை.

இதிலும் ஒரு பொறுப்பு உண்டு. சிலந்திநூல் மக்கிப் போகும், நைலான் போகாது. நரம்பு அறுந்து பஞ்சோடு மீன் ஓடிவிட்டால், வாய் கட்டிய நிலையில் பட்டினி கிடந்து சாகும். கொக்கியை விடக் கொடுமை அது. அதனால் கடைசி ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு போடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சைத் தடவிப் பாருங்கள். விடுவிக்கும் முன் ஒரு இழைகூடப் பல்லில் மிச்சம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் முரலுக்குத் தூண்டில் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வீசி எறிய இன்னொரு காரணம் சொல்கிறார்கள்: முள் பச்சையாக இருக்கிறதாம், விஷமாம். அது விஷமில்லை. பிலிவெர்டின் என்கிற பித்த நிறமி எலும்பில் படிகிறது, அவ்வளவுதான். நம் உடம்பில் அடிபட்டுக் கன்றிய இடம் பச்சையாக மாறுவதும் அதே பொருளால்தான். வெந்த பிறகும் பச்சை போகாது. என் அம்மாச்சி துண்டு துண்டாகக் கீறி மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரிப்பார். அந்தப் பச்சை முள்ளை உருவி எங்கள் கையில் விளையாடத் தருவார். பின்னாளில் முள்ளைப் பார்த்துவிட்டுச் சட்டியோடு கொட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வயிறெரிந்தது.

ராத்திரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ராத்திரி வெளிச்சம் முரலை இழுக்கும். விளக்கைக் கண்டால் கிளர்ந்து அம்புபோலப் பாயும். 1977ல் ஹவாயின் கவாய் தீவில், இரவில் அப்பாவோடு மீன்பிடிக்கப் போன 10 வயதுப் பையனின் கண்வழியே அலகு மூளைக்குள் இறங்கி உயிர் போனது. பப்புவா நியூ கினியில் பட்ட காயங்களைப் பற்றி 1982ல் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். நெற்றி விளக்கைத் தண்ணீர்மேல் அடிக்காதீர்கள், பிள்ளைகளை வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் உட்காரவைக்காதீர்கள். குத்திவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அலகு நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடும். குத்தியபடி நிற்கும் அலகை நீங்களே பிடுங்கவும் வேண்டாம்.

அந்தத் தம்பிக்குத் தனியே எழுதினேன், இன்னும் பதில் இல்லை. கயிற்றுப் பஞ்சு கட்டத் தெரியாதவர்கள் கேளுங்கள். நாலைந்து கட்டி வைத்திருக்கிறேன், கடற்கரைக்கு வந்தால் தருகிறேன்.