கொலஸ்ட்ராலுக்கு யார் விடுதலை கொடுத்தது?

உடல்நலம் பற்றிப் பேசி, பொடியும் விற்கும் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். "கொலஸ்ட்ரால் நிரபராதி, அழற்சிதான் கொலைகாரன், ஸ்டாட்டினைக் குப்பையில் போடுங்கள்" என்றார் அவர். ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. மறுத்து இரண்டு வரி எழுதினேன். "மருந்துக் கம்பெனி ஏஜென்ட்" என்று அவருடைய ஆட்கள் வரிசைகட்டி வந்து ஏசினார்கள். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு என் இரண்டு வரியை மட்டும் நீக்கினார்.

கொலஸ்ட்ராலா, அழற்சியா என்ற கேள்வியே தவறு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்.டி.எல். துகள் பெருந்தமனியின் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து உருமாறுகிறது. உருமாறியதை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகப் பார்க்கிறது. மேக்ரோபேஜ் அணுக்கள் அதை விழுங்கி வீங்குகின்றன, நிணநீர் அணுக்கள் வந்து சேர்கின்றன, எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவர் சொல்லும் அழற்சி இதுதான். இதில் கொலஸ்ட்ராலை எந்த இடத்தில் விடுதலை செய்வது?

இது எனக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. என் அத்தான் பல வருடங்களாகப் புகைத்தவர். இடுப்பு வலி என்று தொடங்கியது. டிஸ்க் என்று சொல்லி பெல்ட் கட்டி அனுப்பினார்கள். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியைச் சுற்றித் தடித்த நார்த்திசு உறைபோல் படர்ந்து, இரண்டு சிறுநீர் நாளங்களையும் நெரித்திருந்தது. நாள்பட்ட பெருந்தமனிச் சூழல் அழற்சி, பெருந்தமனியில் கொழுப்பு படிவதோடு தொடர்புடையது என்றார்கள். நாளங்களில் ஸ்டென்ட் வைத்து, ஸ்டீராய்டு தொடங்கினார்கள். "கொழுப்பு படிந்தால் மாரடைப்புதானே வரும், சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கேம்பிரிட்ஜில் மிட்சின்சன் என்ற நோயியல் மருத்துவர் 1980களில் இந்த நோய்க்கு முன்வைத்த விளக்கம் கிடைத்தது. கொழுப்புப் படிவின் அடியில் பெருந்தமனியின் நடு அடுக்கு மெலிகிறது. ஆக்சிஜனேற்றத்தால் உண்டான செராய்டு என்ற கரையாத பொருள் அந்த வழியே வெளிப்புறத் திசுவுக்குக் கசிகிறது. உடல் அதன்மேல் பாய்கிறது. அந்தச் செராய்டை ஒட்டியே ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைக் கண்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தில், ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.லுக்கும் செராய்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதை 1990இல் வெளியிட்டார்கள். கொலஸ்ட்ராலும் அழற்சியும் ஒரே சுவரில், ஒரே இடத்தில். இதை விடவா தெளிவாகச் சொல்ல வேண்டும்?

"அந்தக் கோட்பாடு பழையது, ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருளோடு தொடர்புடைய தனி நோய் என்று வந்துவிட்டதே" என்று ஒருவர் வருவார். ஆமாம், சில நோயாளிகளுக்கு அதுதான். படிவே இல்லாத ரத்தக்குழாய்களிலும் அழற்சி காணப்படுவது உண்மை. முழு விளக்கம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டி கொலஸ்ட்ராலை நிரபராதி ஆக்க முடியாது.

"கான்டோஸ் ஆய்வைப் படித்தாயா?" என்கிறார்கள். படித்தேன். 2017இல் வெளியானது. மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். கனகினுமாப் என்ற மருந்து எல்.டி.எல்.லைக் குறைக்காமலே, அழற்சியை மட்டும் தணித்து, 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய-ரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் ஆகியவற்றின் ஆபத்தை 15 சதவீதம் குறைத்தது. உயிர் பறிக்கும் தொற்றுகள் கூடின. அதை நேரலையில் சொல்லவில்லை. அந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவில்லை. ஸ்டாட்டினோடு சேர்த்துக் கிடைத்த பலனைக் காட்டி ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?

அடுத்தது அவர் விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் பொடி. ஆக்சிஜனேற்றம்தான் காரணம் என்றால் அதைத் தடுத்தால் போதுமே என்று மருத்துவ உலகமும் ஆசைப்பட்டது. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. இது தெரியாமல் விற்றால் அறியாமை. தெரிந்தே விற்றால் அதற்கு என்ன பெயர் என்று அவரே சொல்லட்டும்.

என்னை ஏஜென்ட் என்றது வலிக்கத்தான் செய்தது. அத்தானோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரவுகளுக்கு எந்தக் கம்பெனியும் எனக்குக் கூலி தரவில்லை. அதைவிட வலித்தது, அதே நேரலையின் கீழ் ஒரு பெண் எழுதியிருந்தது. "இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அப்பா உங்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார், சரிதானே ஐயா?" அவளுக்கு அவர் ஒரு இதயக் குறி மட்டும் போட்டிருக்கிறார்.

அம்மா, இதைப் படித்தால் உங்கள் அப்பாவை இந்த வாரமே அவருடைய இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.