மலேசிய முன்னாள் பிரதமர் படாவி 2008-இல் ஆட்சியை இழக்கவில்லை
"அப்துல்லா படாவி 2008 தேர்தலில் தோற்று ஆட்சியைப் பறிகொடுத்தவர், மகாதீரின் கைப்பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். தோற்கவில்லை ஐயா. 222 நாடாளுமன்ற இடங்களில் 140 அவருடைய தேசிய முன்னணிக் கூட்டணிக்கே கிடைத்தன. கைநழுவியது மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை. 2004-இல் 219-க்கு 198 இடங்களை வாரியவருக்கு அது பலத்த அடிதான், மறுக்கவில்லை. சுங்கை சிப்புட் தொகுதியில், கூட்டணியிலிருந்த மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைவர் சாமிவேலுவே மண்ணைக் கவ்வினார். ஆனாலும் படாவி பிரதமராகத் தொடர்ந்தார். சொந்தக் கட்சியான அம்னோவின் நெருக்குதலால்தான் 2009 ஏப்ரலில் துணைப் பிரதமர் நஜிப்பிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

கைப்பிள்ளைக் கதைக்கு வருகிறேன். முந்தைய பிரதமர் மகாதீர் அவரைப் பின்னாளில் வாரிசாக்கியது உண்மை. ஆனால் 1987 அம்னோ உட்கட்சித் தேர்தலில் மகாதீரின் எதிரணியில் நின்று, அதற்காக அமைச்சர் பதவியையே இழந்தவர் இதே சாதுவான மனிதர். 1991-இல்தான் வெளியுறவு அமைச்சராகத் திரும்பி வந்தார்.